‘க்’ மிகும் இடம்

துரைராசுவின் கையில் ஒன்பதும் பத்தும் இருந்தன.

கைப்பேசித் திரையின் நடுவே எல்லாருக்கும் பொதுவாக விரிந்து கிடந்த சீட்டுகள் ஒரு ராணி, ஓர் ஒன்பது, ஒரு நான்கு. ஆக, அவருக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. எதிராளி ராணி வைத்திருந்தால் தோல்வி. இல்லாவிட்டால் பெரும்பாலும் வெற்றி.

சீட்டைக் கவிழ்த்து விலகவும் மனம் வரவில்லை. பணத்தை ஏற்றி அடித்து ஆடவும் துணிவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவருக்கு அந்தக் கை ஒரு வினையெச்சம்போல் தோன்றியது. தானாக முடியாது, இன்னொன்று வந்து முடித்துவைக்க வேண்டும்.

இந்த இணையச் சீட்டாட்ட அறையை நடத்துபவர் கூத்தாநல்லூர் ஷேக் பரீத், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் தொடங்கும் ஆட்டம். பழைய சகாக்களும் அவர்கள் வீட்டாரும் மட்டுமே உள்ளே வரலாம். புனைபெயரில்தான் ஆட வேண்டும்.

“நடுத்தரமான கை வந்தா பணத்தப் பெருசாக்காதீங்க சார். மோசமான கையெல்லாம் ஓடிப்போயிரும், நம்மள அடிக்கிற கைதான் எதிர்ல நிக்கும்” என்று முதல் நாளே அவர் எச்சரித்திருந்தார்.

மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். எஞ்சி நின்றது ‘குறுவை’ என்னும் புனைபெயர் மட்டுமே.

துரைராசு இரண்டு ரூபாய் கட்டினார். குறுவையும் இரண்டு ரூபாய் கட்டியது.

அவருடைய வலக்கால் நாற்காலிக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது நாளாக அது அப்படித்தான் ஆடுகிறது.

மகள் குந்தவைக்குக் கல்லூரியில் வேலை கிடைத்த அன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாக ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியவள் அவர் மனைவி மங்களாம்பிகை. அடுத்த நிமிடமே அதற்குக் கீழே அவர் எழுதினார்: ‘வாழ்த்துகள் என்பதே சரி. விகுதிக்கு முன் ‘க்’ மிகாது. மிகுந்தால் அது குடிக்கிற கள்.’

குழுவில் நாற்பத்தாறு உறவினர்கள். சிரிப்புப் பொம்மைகள் மாலைவரை வந்துகொண்டே இருந்தன.

அன்றோடு மங்களாம்பிகை அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குச் சோறு வருகிறது, சொல் வருவதில்லை. அவரும் இறங்கிப் போகவில்லை. பிழையைப் பிழை என்று சொன்னதற்கு மன்னிப்பா? அப்புறம் இலக்கணம் எதற்கு, இத்தனை ஆண்டு பாடம் எடுத்தது எதற்கு!

நான்காம் சீட்டு விழுந்தது. ஆறு. இருவரும் எதுவும் கட்டவில்லை.

ஒற்று தெரியாத உலகம் இது. இந்தக் குறுவையையே எடுத்துக்கொள்ளலாம். போன ஆட்டத்தில் அவர் வென்றபோது, அரட்டைப் பெட்டியில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியது. பொறுக்கமாட்டாமல் ‘வாழ்த்துகள்’ என்று திருத்தி அனுப்பினார். ‘வாழ்த்துக்க்கள்’ என்று பதில் வந்தது, இன்னும் ஒரு ‘க்’ கூட்டி!

கணக்காசிரியர் ஹரிஹரசுப்ரமணியன்தான், ஐயமில்லை. அந்த மனிதருக்குத்தான் ஒற்றும் வராது, கூச்சமும் வராது.

ஐந்தாம் சீட்டு இரண்டு. எவருக்கும் உதவாதது. துரைராசு ஒன்றும் கட்டாமல் விட்டார். இனிக் குறுவையின் முறை.

நேரக்காட்டி முப்பது நொடியிலிருந்து இறங்கத் தொடங்கியது. இருபத்தைந்து. இருபது. எதிர்ப்பக்கம் அசைவே இல்லை.

சமையலறையில் குக்கர் மூன்றாவது விசிலை அடித்தது. காலடி ஓசை விரைந்தது. அடுப்பு அணைந்தது. ஈரக்கையைத் துணியில் துடைக்கிற சரசரப்புக்கூடக் கேட்டது.

அதற்குப் பிறகுதான், ஐந்து நொடி மிச்சமிருக்கையில், குறுவை இருபது ரூபாய் கட்டியது.

துரைராசுவின் கால் நின்றது.

மெல்ல நிமிர்ந்து சமையலறை வாசலைப் பார்த்தார். திரைச்சீலை மட்டும் மின்விசிறிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

இப்போது அவருடைய முப்பது நொடி.

ராணி இருந்திருந்தால் நான்காம் சீட்டிலேயே அடித்திருக்கும். இது வெறும் மிரட்டல். இருபது ரூபாயைக் கட்டிச் சீட்டைத் திறக்கச் சொன்னால் போதும். ஒன்பதே வெல்லும். அவர்தாம் சரி என்பது இன்னொரு முறை நிறுவப்படும்.

கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. பதினேழு. பன்னிரண்டு. எட்டு.

சீட்டைக் கவிழ்த்தார்.

பிறகு அரட்டைப் பெட்டியைத் திறந்து ‘வாழ்த்து’ வரை அடித்தார். எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்துத் தள்ளிய எழுத்து! அதைத் தேடி எடுத்து, தம் கையாலேயே இட்டார். மேலே ஒரு புள்ளியும் வைத்தார்.

‘வாழ்த்துக்கள்.’

அனுப்பினார்.

சமையலறையில் டிங் என்று ஒரு மணி ஒலித்தது.

பின்பு திரைச்சீலைக்கு அப்பாலிருந்து, பத்தொன்பது நாளைக்குப் பிறகு முதல் சொல் வந்தது:

“அந்த எடத்துல ‘க்’ வராதுங்க.”