கனமான மில்லிங் மெஷின்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருந்த அந்த மெஷின் கடைக்குள் மனைவி டார்லீனையும் கூட்டி வந்தது தப்போ என்று கர்ட்டுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுப் பட்டறைக்கு, உலோகத்தைச் செதுக்கும் ஒரு மில்லிங் மெஷின் வாங்குவது அவருடைய நெடுநாள் ஆசை. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"இந்தச் சின்னதே போதும்," என்றார் அடக்கமாக. "கார்ல வச்சு எங்க வேணாலும் எடுத்துட்டுப் போயிடலாம்."

"இது இரும்பை வெட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள் டார்லீன்.

"வெட்டும்மா, கொஞ்சம் ஆடும். மெஷின் கனக்கக் கனக்க வெட்டு சுத்தமா விழும்."

"அப்ப இருக்கறதுலயே கனமானதைக் காட்டுங்க."

கர்ட் திகைத்துப் போனார். "டார்லீன், அதைப் படி வழியா நம்ம பேஸ்மென்ட் பட்டறைக்கு இறக்கவே நாலு ஆளு வேணும்."

"இறக்கட்டுமே. காலமெல்லாம் உழைச்சவனுக்கு ஆடுற மெஷினா?"

இப்படியொரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள் என்று கர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை நான்கு பேர் மூச்சு வாங்க அதைக் கீழே இறக்கிப் பொருத்திவிட்டுப் போனார்கள். கர்ட் அதை ஆசை தீரத் தடவிக்கொண்டிருந்தபோது, மேலே டார்லீன் தன் தங்கையோடு போனில் பேசுவது கேட்டது.

"பேரப்பிள்ளைங்க எல்லாரும் இங்க இருக்க, வீட்டை வித்துட்டு ஃபுளோரிடாவுக்குப் போயிடலாம்னு கர்ட் ரெண்டு வருஷமா என் உயிரை வாங்கினான்ல? இனிமே அந்தப் பேச்சே வராதுடி. மெஷினை விட்டுட்டு அவன் நகர மாட்டான். மெஷின் படியேறாது."