கதவை யார் சாத்துவது?

புது எடிட்டரம்மா ரொம்பக் கறார் என்று கேள்விப்பட்டிருந்ததால், நாற்பத்தோராம் பாகத்தோடு வந்த ஓவியனுக்கு உள்ளூர உதறல். முதல் அறையில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், அவன் பெயரையும் வந்த நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"உங்க அரக்க வேட்டை காமிக்ஸ் நாப்பது பாகமும் படிச்சிட்டேன். அரக்கனுங்க பிரமாதம். பாத்தாலே வயித்தக் கலக்குது."

"நன்றி மேடம். குறை ஏதாவது?"

"வாசல்தான். நடுத்தெருவுல மாய வாசல் திறக்குது, வேட்டைக்காரங்க உள்ள போறாங்க. அப்புறம் கதவ யாரு சாத்துறது?"

"அது தானா மூடிக்கும்."

"எந்த ஊர்ல கதவு தானா மூடிக்குது? அரக்கன் தெருவுக்கு வந்துடாம வாசல்ல நின்னு பாத்துக்க ஒருத்தி வேணாமா? ஒரு கட்டத்துலகூட அவ இல்லையே!"

"அவளுக்கெல்லாம் இடம் கொடுத்தா கதை ஓடாது மேடம்."

"அவ திறக்கலேன்னா உங்க ஹீரோ உள்ளயே போக முடியாது சார்."

வெளியே கார் ஹார்ன் அலறியது. அவள் சாவிக்கொத்தோடு எழுந்துபோய், இரும்பு கேட்டை இரண்டு கைகளாலும் தள்ளித் திறந்தாள். காரில் இருந்தவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்தாள்.

"எடிட்டரம்மா வந்துட்டாங்க. மாடிக்குப் போங்க."

மாடியில் எடிட்டர் பக்கங்களைப் புரட்டினார். "ஒரு குறையும் இல்ல. அப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்."

ஓவியன் பக்கங்களை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டான்.

"முடியாது மேடம். ஒருத்தர விட்டுட்டேன். அவங்க வராம இனி என் கதையில ஒரு வாசலும் திறக்காது."