உடைக்கிற விதி

கழக்கூட்டத்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மதிய வெயில் கண்ணாடி வழியே கொட்டுகிறது. பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மாதிரிக் கருவியைச் செய்தவரே அதை எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே விதி. பிஎச்.டி. மாணவி ஜினு, தான் செய்த தண்ணீர் சோதிக்கும் கருவியைப் பாம்பை அடிப்பதுபோல் சுத்தியலால் அடிக்கிறாள். தெறித்த கண்ணாடிச் சில்லு கன்னத்தைக் கீறுகிறது. ரத்தத்தை அவள் துடைக்கவில்லை. "உடைச்சுடும்மா. தீசிஸுக்கு டேட்டா இருக்கோல்லியோ, அது போறும்," என்கிறார் அவளுடைய கைடு பிச்சுமணி, சுவரைப் பார்த்தபடி. மேசை விளிம்பில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டே மேனேஜர் பிபின் சிரிக்கிறான். "டேட்டாவும் கம்பெனிக்கதாக்கும் சார்." சுத்தியல் மறுபடி உயர்கிறது. கருவியில் உடைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. ஜினு அந்த விரல்களையே பார்க்கிறாள். தாளம் நிற்கிறது.