உபரி டீச்சர்

குளத்துப் பள்ளிக்கூடத்தில் தவளைதான் ஒரே டீச்சர். அறுபது தலைப்பிரட்டைகளுக்கு நீந்துவது, கரையேறி மூச்சு விடுவது, பாம்பைக் கண்டால் ஓடுவது எல்லாம் அவளே சொல்லித் தர வேண்டும். போதாக்குறைக்கு நத்தைகளைக் கணக்கெடுக்கும் வேலையும் அவள் தலையில்தான். சம்பளம் நாளுக்கு நாலு கொசு.

ஒருநாள் அவள் குளத்து அதிகாரியான நாரையிடம் போனாள். பாம்புக்குப் பயப்படச் சொன்ன பாடத்தில் நாரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாடத்திட்டம் போட்டதே நாரைதான்.

"சார், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. ரெண்டு கொசுவாவது சேர்த்துக் கொடுங்க. இல்லேன்னா இன்னொரு டீச்சரைப் போடுங்க."

"நிதி நிலைமை உங்களுக்கே தெரியும் டீச்சர். சிக்கனத்துக்காக நானே ஒத்தைக் கால்லதான் நிக்கிறேன். வேணும்னா உங்க வேலைப்பளுவைக் குறைக்கலாம். அதுக்குச் செலவே இல்லை."

மறுநாள் வகுப்பில் முப்பது பேர்தான் இருந்தார்கள். அதற்கு மறுநாள் பன்னிரண்டு பேர்.

தவளை பதறியடித்து ஓடினாள். "சார், என் பிள்ளைங்க எங்கே?"

நாரை அலகைத் துடைத்துக்கொண்டது. "வேலைப்பளு குறைஞ்சுதில்ல? ஆனா பன்னிரண்டு பேருக்கு ஒரு முழு டீச்சர் விதிப்படி அதிகம். நீங்க இப்ப உபரி. உங்களுக்கு டிரான்ஸ்பர் போட்டாச்சு."

இத்தனை வருஷப் பழக்கத்தில் தவளையின் வாய் தானாகக் கேட்டது: "எந்த ஊருக்கு சார்?"

"பக்கத்துலதான் டீச்சர். பயணப்படிகூடத் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு நாரை வாயைத் திறந்தது.