மூன்று முறை விற்ற வயலின்கள்

மெட்டுக்காரர் தன் மனைவியின் அண்ணனுக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.

சோப்புக்கும் பெயிண்ட்டுக்கும் விளம்பரப் பாட்டுப் போடுகிறவர் அவர். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் பஞ்சை ஒட்டி, ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயரும் வைத்திருந்தார். அதற்காக வாங்கிய கடன்தான் இது. கொடுத்த மச்சான், வீடு மாற்றுகிறவர்களுக்கு லாரியும் ஆளும் அனுப்பித் தொழில் செய்கிறவர். கொடுக்கும்போது ஒரு தடவை நீட்டிய கையை, கேட்கும்போது வாரம் தவறாமல் நீட்டினார்.

“மாப்பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். பணம் இருந்தா பணம், இல்லன்னா கீபோர்டு. தூக்குறதுக்கு என்கிட்ட ஆளுக்கா பஞ்சம்?”

கீபோர்டு போனால் பிழைப்பே போச்சு. மெட்டுக்காரர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விற்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத பொருள்: நாற்பது வயலின்களை ஒரே ஆள் கணினியில் வாசிக்க வழிசெய்யும் மென்பொருள். பழைய லைசென்ஸை வாங்க எப்போதும் ஆள் உண்டு. நம்பரைக் கொடுத்தால் போதும்; வாங்கியவர் கம்பெனியில் தன் பெயருக்குப் பதிந்துகொள்வார்.

ஒரு நம்பர், ஒரு சொந்தக்காரர். அதுதான் கம்பெனிச் சட்டம். முதலில் பதிகிறவருக்குக் கதவு திறக்கும். பின்னால் வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மெட்டுக்காரர் கடனை மூன்றால் வகுத்தார். பதினாறாயிரத்து இருநூறு. பழைய லைசென்ஸுக்கு நியாயமான விலைதான். அதை மூன்று பேருக்கு விற்பதில்தான் கொஞ்சம் அநியாயம் இருந்தது.

பொய்ப் பெயரில் இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். புதிதாக ஒரு சிம் கார்டு வாங்கினார். ‘கம்பெனியில் சரிபார்க்கிறார்கள், பத்து நாள் கழித்துப் பதியுங்கள்’ என்று மூவரிடமும் சொல்லிவிட்டால், அதற்குள் சிம் கார்டு சாக்கடையில் இருக்கும். அப்புறம் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டால், இவருடைய பழைய கணினியில் மென்பொருள் அது பாட்டுக்கு ஓடும்.

திங்கட்கிழமை, பேருந்து நிலையத்து பெஞ்சில் முதல் ஆள் வந்தான். பணத்தை நீட்டிய கை காய்த்துப்போயிருந்தது. ‘டிரம்ஸ் அடிக்கிற கை’ என்று மெட்டுக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்.

“நம்பர் குடுங்க சார்.”

“என்னென்ன சத்தம் வரும்னு கேக்க மாட்டீங்களா?”

“நீங்க சொன்னா சரிதான் சார். எனக்கு வேலை கெடக்கு.” மெட்டுக்காரர் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை வந்த பெண்ணுக்குத் தொண்டை கரகரத்தது. மேடை மேடையாகப் பாடித் தேய்ந்த தொண்டை, பாவம் என்று நினைத்துக்கொண்டார். அவளும் பேரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர். இடது தோள் சரிந்திருந்தது.

“வயலினா பெரியவரே?” என்றார் மெட்டுக்காரர், மரியாதையோடு.

“வயலின் எல்லாம் லேசு தம்பி. பியானோதான் முதுகை ஒடிச்சிருச்சு.”

எத்தனை வாத்தியம் வாசித்த மனிதரோ! ஒரு நிமிடம் மனசு உறுத்தியது. மூன்றாவது பதினாறாயிரத்து இருநூறு பைக்குள் போனதும் உறுத்தல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சொன்னபடி வந்து கூடத்துக்குள் உட்கார்ந்தார். மெட்டுக்காரரின் மனைவி அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீங்கிய கண்களோடு அடுப்படிக்குப் போனாள். மெட்டுக்காரர் ஒரு ராஜாவைப் போலப் பணக்கட்டை எடுத்து நீட்டினார்.

மச்சான் அதிலிருந்து ஒரே ஒரு நோட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் கொடுத்தது மடிப்புக் கலையாத புது நோட்டு. ஒருவரும் பேரம் பேசவில்லை. கள்ள நோட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

“நல்ல நோட்டுதான்” என்றார் மச்சான். கட்டை அப்படியே பைக்குள் திணித்தார். கடன் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். “கணக்கு முடிஞ்சுது மாப்பிள்ளை.”

அதோடு விட்டிருக்கலாம். மெட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பத்து காசுக்குக்கூடக் கணக்குக் கேட்கிற மனிதராயிற்றே!

“எண்ணிப் பாக்கலையே மச்சான்?”

மச்சான் எழுந்து, தங்கை அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். மூன்றும் மெட்டுக்காரரின் கையெழுத்து. மூன்றிலும் ஒரே நம்பர்.

“உங்க கம்ப்யூட்டர்ல நீங்க போட்ட விளம்பரத்தைப் பாத்துட்டு, ‘எனக்காகத் தொழிலையே விக்கிறாருண்ணே’ன்னு தங்கச்சி போன்ல அழுதா. மனசு கேக்கல. நம்ம லோடு தூக்குற பையன் ஒருத்தனை அனுப்பி வாங்கச் சொன்னேன். வித்த பிறகும் விளம்பரத்தை எடுக்கல நீங்க. சரி, லாரிக்காரங்களைக் கத்தி வேலை வாங்குற ஆபீஸ் பொண்ணை அனுப்பினேன். அப்பவும் எடுக்கல. பாக்கி கொஞ்சம்தானேன்னு நம்ம பெரியவரையும் அனுப்பிட்டேன். யாரும் எதையும் பதியல, வயலின் உங்களோடதுதான். தங்கச்சிக்கு இது தெரிய வேண்டாம், உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா இருக்கா.”

மெட்டுக்காரர் மூன்று சீட்டுகளையும் அவசரமாகக் கீபோர்டுக்கு அடியில் தள்ளினார்.

மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“எண்ணலையான்னு கேட்டீங்களே, மூணு தடவையும் நான்தானே எண்ணிக் குடுத்தனுப்பினேன்!”