பின்வாசலுக்கு ஒரு விளக்கு

இலியாஸ் பாய் விளக்கின் தலையிலிருந்த சோலார் தகட்டை உள்ளங்கையால் மூடினார். பட்டப்பகலில் அது எரிந்தது.

"இருட்டிடுச்சுன்னு நெனச்சிக்கினு தானா எரியும்மா. விடிஞ்சா தானா அணைஞ்சிடும்."

வேண்டாமென்று தலையாட்டினேன். இது நான் வேண்டாமென்ற நாலாவது விளக்கு.

செஞ்சி பஜாரில் அந்தச் சின்னக் கடைக்குள் மலைச்சூடு முழுக்க இறங்கியிருந்தது. வந்து ஒரு மணி நேரமாகிறது. மேல்சித்தாமூருக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. என் வீட்டுக்காரரோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அட்டைப்பெட்டியில் இருப்பதையெல்லாம் எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று இந்த மனிதருக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர்கள். இருபத்தாறு வருஷமாகப் பின்தோட்டத்தில் ஒரு குண்டு பல்பு போட அவர் விட்டதில்லை. வெளிச்சத்துக்கு ஈசல் வந்து விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு என்பார். இப்போது அதே ஈசலை நான் எடுத்துச் சொன்னால் காதில் வாங்கவில்லை.

பின்னால் பாம்பு நடமாட்டம் இருக்கிறதாம்.

பாம்பாவது பல்லியாவது. ஒன்றரை வருஷமாகப் பெற்ற மகள் பெயரை வீட்டில் எடுக்காதவர், பாம்புக்கு விளக்குப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எனக்கு அந்த இருட்டு வேண்டும்.

தனக்குப் பிடித்தவனை மணிமொழி கட்டிக்கொண்ட அன்று, இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்றார். அவள் மிதிப்பதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் இவர் சாப்பிட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் மடத்துப் பக்கம் கிளம்பியதும், பின்தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு கிணற்றடி வழியாக வருவாள். அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். எனக்கு மிஞ்சியது அந்த அரை மணி நேரம்தான்.

அங்கே ஒரு விளக்கு எரிந்தால் அக்கம்பக்கம் பார்க்கும். இவர் காதுக்குப் போகும். அதோடு அவள் வரவும் நின்றுபோகும்.

முன்வாசலில் வைக்கலாமே என்றேன். கூடாது என்றார். சரவிளக்கு வாங்கிச் செம்பருத்தியில் சுற்றலாம் என்றேன். அதற்கும் அசையவில்லை. பிடித்தால் பிடித்த பிடி.

பாய் ஐந்தாவதை எடுத்தார். சென்சார் விளக்கு. ஆள் கிட்டே வந்தால் மட்டும் எரியுமாம். விலை ஜாஸ்தி, மழைக்குத் தாங்காது, பூனை வந்தாலும் எரிந்து தொலைக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் அதைக் கையில் வாங்கினார். கவிழ்த்துத் தரைப்பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"வெளிச்சம் தெருவுக்குத் தெரியக் கூடாது பாய். கீழ்ப்படியில மட்டும் விழணும். வாயும் வயிறுமா வர்ற பொண்ணுக்குக் காலடி தெரியாது."

என் பக்கம் திரும்பவே இல்லை.

மணிமொழிக்கு ஏழாவது மாதம் என்று நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை.

பாய் விளக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடப் போனார்.

"ரெண்டா குடுங்க" என்றேன். "கிணத்தடிகிட்டயும் ஒண்ணு வேணும்."