மூன்றாவது கிளை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: பூ அடுக்கக் கற்றுத்தரும் குராமோச்சி டீச்சர், அம்மா, நான், அண்ணன் ஷூஹேய்.

டீச்சரின் கணக்கில் மூன்று பேர்தான்.

அண்ணன் தூரத்துச் சப்போரோ நகரத்தில் வேலையில் இருப்பதாக அம்மா அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவன் நடையோரத்து அறையில் இருந்தான். வேலை போய் உள்ளே போனவன், ஆறு வருடமாக வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைப்போம். காலியாகி நிற்கும். ஆள் இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

வகுப்பில் அடுக்கிய பூக்களை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டில் கிண்ணத்து ஊசித்தட்டில் குத்தி மறுபடி அடுக்குவது வழக்கம். மற்றவர்கள் அதைக் கூடத்தில் வைப்பார்கள். அம்மா அவன் கதவுக்கு முன்னால் வைப்பாள். வாடும். எறிவாள். அடுத்த வாரம் வேறு பூ.

அன்று காலையில் நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது அம்மா நடையில் உட்கார்ந்திருந்தாள்.

"எதையும் நகத்தாதடா."

அண்ணனின் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

நான் தூங்கப் போகவில்லை.

மத்தியானம் டீச்சர் வந்தார். பூக் கண்காட்சிக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். அம்மா வாசலோடு பேசி அனுப்பப் பார்த்தாள். அவர் கை கழுவ வேண்டும் என்றார். அதற்கு நடை வழியாகத்தான் போகவேண்டும்.

திரும்பும்போது பூக்கிண்ணத்தின் முன் மண்டியிட்டார்.

"ஆளில்லாத ரூமுக்குப் பூவா? பையன் சப்போரோல இருந்தே மோந்து பாப்பானாக்கும்."

மூன்று பிளம் கிளைகள். அடியில் ஒரு வெள்ளைக் காமெலியா. மூன்றாவது கிளை மட்டும் கதவுப்பக்கம் சாய்ந்திருந்தது.

டீச்சரின் சிரிப்பு நின்றது. "மூணாவது கிளை பாக்கறவங்க பக்கம்தானே சாயணும். நீங்க இந்தத் தப்பு பண்ண மாட்டீங்களேம்மா."

பையிலிருந்து கத்தரி வந்தது.

மாணவர் அடுக்குவார். டீச்சர் திருத்துவார். மாணவர் குனிந்து நன்றி சொல்வார். நடுவில் பேச்சு கிடையாது.

அம்மாவின் கை பாதி எழுந்து நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், சப்போரோ பொய்யாகிவிடும்.

நான் கதவிடுக்கைப் பார்த்தேன்.

டீச்சர் கிளையைப் பிடுங்கினார். அடியை நறுக்கினார். எதிர்ப்பக்கம் சாய்த்துக் குத்தினார்.

அம்மா தரையில் கை ஊன்றிக் குனிந்தாள். "ரொம்ப நன்றி டீச்சர்."

முந்தின நாள் அவள் குத்தியது இரண்டு கிளைகள்தான். மூன்றாவதை மிச்சம் என்று பேப்பரோடு கதவருகேயே விட்டுவிட்டுப் படுத்திருந்தாள். காலையில் அது கிண்ணத்தில் இருந்தது.

கதவிடுக்கு மறைந்தது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"காத்துதான், டீச்சர்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.